தட்டிப் பார்த்த இரண்டு கத்திகள்

இதை எனக்கு முதலில் சொன்னவர் செண்பகவடிவு என்கிற அம்மாள். போன வருஷம் புரட்டாசியில், கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார். சொட்டு மருந்து விட்டு, எங்கள் இரண்டு பேரையும் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். நான் கண்ணைத் திறப்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எங்கே இருந்தாலும் அந்த மகராசி நல்லா இருக்கட்டும். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறேன்.

மேற்கே மலையடிவாரத்தில், ஓடைக்கரை ஓரமாக ஒரு மடம். மடத்தை நடத்தி வந்தவர் ஞானவல்லி அம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனிக்கோ அறுபதுக்கு மேலே. அதனால் சீடரை அம்மா 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். கேட்கிறவர்களுக்கு முதலில் யார் குரு, யார் சீடர் என்றே பிடிபடாது.

திருமேனி பட்டாளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தவர். துப்பாக்கி பிடித்தவரில்லை. சிப்பாய்களுக்குப் போகிற பூட்ஸ், கயிறு, கத்தி எல்லாவற்றையும் இழுத்தும் வளைத்தும் பார்த்து, 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று பிரித்து வைக்கிற வேலை.

"மேலே பனியில ஒருத்தன் ஒரு கயித்துல தொங்குவான். கீழே நான் சோம்பல்பட்டா மேலே அவன் செத்தான்" என்பார்.

அது உண்மைதான். எத்தனையோ பிள்ளைகள் அவர் புண்ணியத்தில் வீடு திரும்பியிருப்பார்கள். ஆனால் ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மடத்துக் குத்துவிளக்கைக்கூட ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரி போடுவார்.

விஜயதசமி அன்று மடத்தில் எல்லோரும் மலைமேல் இருக்கிற சுனைக்கு நடந்து போவது வழக்கம். ஒருவர் கத்தியோடு முன்னால் போவார். முள்ளையும் கொடியையும் அறுத்து மற்றவர்களுக்கு வழிவிடுவது அவர் பொறுப்பு. அந்த வருஷம் முன்னால் போக அம்மா சொன்ன ஆள் மாசிலாமணி.

மாசிலாமணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். குடியால் லாரி போயிற்று. வீடும் போகிற நேரத்தில், பெண்டாட்டி ரஞ்சிதம் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து மடத்தில் விட்டாள். ஆண்டவன் கிருபை, ஒரு வருஷமாக அவன் அதைத் தொடவில்லை. விஜயதசமிக்கு ரஞ்சிதமும் மகளும் வருவதாக இருந்தது. சுனையில் எல்லோரும் தலை முழுகிவிட்டு, அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அந்தச் சமயத்தில் பக்தர்கள் இரண்டு மடக்குக் கத்திகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் செருகிக்கொள்கிற ஜாதிக் கத்தி. ஒன்றுக்கு அலகு கறுப்பு, இன்னொன்றுக்கு வெள்ளை.

"ரெண்டுல ஒண்ணை எடுத்து மாசிலாமணி கையில கொடுங்க ஐயா" என்றார் அம்மா.

"எது ஒசத்தின்னு பார்த்துக் கொடுக்கிறேன்மா."

"ஒசத்தின்னு நான் கேக்கலையே. ஒண்ணை எடுத்துக் கொடுங்கன்னுதான் சொன்னேன்."

திருமேனி அதற்குள் கறுப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

காகிதத்தை அறுத்தார். இரண்டும் அறுத்தன. கிணற்றுக் கயிற்றின் நுனியை அறுத்தார். காய்ந்த மூங்கிலைச் சீவினார். இரண்டுமே வெண்ணெயில் போவது மாதிரிப் போயின.

ஆனால் மடக்குக் கத்திக்கு உயிர்நிலை அதன் கூரில் இல்லை, பூட்டில் இருக்கிறது. விரித்ததும் உள்ளே இருக்கிற ஒரு தகடு நகர்ந்துவந்து அலகுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும். அந்த முட்டு நழுவினால் அலகு மடங்கி, பிடித்திருக்கிறவன் விரல்மேலேயே வந்து விழும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கத்தியை விரித்து, அதன் முதுகைக் கட்டையில் ஓங்கித் தட்டுவது. திருமேனி கையில் பழைய வேட்டித் துணியை நாலைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டார். புளியங்கட்டைமேல் தட்டினார். கறுப்பு நின்றது. வெள்ளையும் நின்றது.

மறுநாளும் தட்டினார். அதற்கு மறுநாளும்.

அடுக்களையிலிருந்து பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். மடத்துக்குச் சமைக்கிறவள் அவள்.

"ரெண்டும்தான் நின்னுட்டுதே அண்ணாச்சி. இன்னும் என்னத்துக்குப் போட்டு இந்தத் தட்டு?"

"ரெண்டும் நின்னா எது ஒசத்தின்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு?"

"ஒண்ணு நழுவுற வரைக்கும் தட்டணும்."

"நல்லாயிருக்கு! எனக்கும் ரெண்டு மருமகளுவ இருக்காளுவ. இந்த யோசனை எனக்குத் தோணாமப் போச்சே!"

திருமேனி சிரிக்கவில்லை. அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கத்தி சரி, அதைப் பிடிக்கப் போகிற கை? மலையில் பாதி வழியில் அந்தக் கை நழுவினால் என்ன செய்வது?

அதனால் மாசிலாமணியையும் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பூஜைக்குத் திரி வேண்டும் என்று, சாராயக் கடையைத் தாண்டிப் போகிற தெருவுக்கு அவனை அனுப்பினார். திரியோடு திரும்பி வந்தான். பட்டாளத்து ரம்மின் மணத்தை நாக்கைச் சப்புக்கொட்டி வர்ணித்தார். "அண்ணாச்சி சொல்லும்போதே எனக்கு வயித்தைப் புரட்டுது" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் அவன் நின்றான். நிற்க நிற்க, அடி போதவில்லையோ என்றுதான் திருமேனிக்குத் தோன்றியது.

ஆயுதபூஜை வந்தது. மண்வெட்டி, அரிவாள், அருவாமனை எல்லாவற்றையும் காலையிலேயே கழுவி வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவை வேலை செய்யக்கூடாது, ஓய்வு. மாசிலாமணி ஓடைக்கரையில் உட்கார்ந்து மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே லாரி, நாளைக்கு உன் மக வருதாளாமே" என்றார் திருமேனி.

"ஆமா அண்ணாச்சி!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாவாடை தாவணியெல்லாம் எடுத்திருக்காளாம்."

"வந்தா உன்னை அவளுக்கு அடையாளம் தெரியுமாலே? நீ நேரா நின்னு அவ பார்த்ததே இல்லையே."

மாசிலாமணியின் கை நின்றது. துணியை மண்வெட்டிமேல் போட்டான்.

நின்னுட்டான், பாஸ் என்று நினைத்துக்கொண்டு திருமேனி கட்டைக்குத் திரும்பினார். பூஜைக்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று, கையில் துணியைச் சுற்றிக் கறுப்பை ஓங்கித் தட்டினார். பூட்டு நழுவியது. அலகு மடங்கிவந்து, துணியைக் கிழித்து, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டு நின்றது.

"கண்டுபிடிச்சிட்டேன்மா! வெள்ளைதான் ஒசத்தி!"

ஞானவல்லி அம்மா சந்தனம் அரைத்த கையோடு வந்தார்.

"அப்படியா ஐயா? அந்தத் துணியை அவிழ்த்துட்டு வெள்ளையை ஒரு தரம் தட்டிக் காட்டுங்க."

"துணி இல்லாமலா? விரல் போயிருமேம்மா."

"ஒசத்தின்னு சொன்னீங்களே."

திருமேனி வெள்ளையை விரித்து ஆட்டிப் பார்த்தார். பூட்டு லொடலொடவென்றது.

"வந்தப்போ நல்லா இருந்துச்சும்மா. இப்போ இதுவும் ஆட்டம் கண்டிருக்கு."

"எப்படி ஆட்டம் கண்டுச்சு?"

"தட்டித் தட்டித்தான்."

அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து பிச்சம்மாள் ஓடி வந்தாள். "அம்மா, மாசிலாமணி பையைத் தூக்கிக்கிட்டுப் பாலம் தாண்டிப் போறான். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கான்!"

பாலம் தாண்டினால் பஸ் நிறுத்தம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்தச் சாராயக் கடை.

திருமேனி கத்தியைக் கீழே வைத்தார். "நான்தாம்மா... அவன் உறுதியா இருக்கானான்னு ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்."

அம்மா அவர் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"நீங்க துணி சுத்திக்கிட்டுத் தட்டினீங்க ஐயா. அவனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது ரஞ்சிதம் கை. அவன் மகளோட கை. அந்தக் கையில துணி சுத்தியிருந்துச்சா?"

திருமேனி செருப்புப் போடவில்லை. அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாசிலாமணி உட்கார்ந்திருந்தான். மடியில் பை.

உள்ளே போனியா என்று வாய்வரை வந்துவிட்டது திருமேனிக்கு. அதை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"எதுக்கு அண்ணாச்சி இந்த ஓட்டம்? மாரடைச்சிராதா?"

"நான் சொன்னது தப்பு தம்பி."

"தப்பில்லை. நெசம். அதான் அங்கே இருக்க முடியலை." அவன் தரையைப் பார்த்தான். "வாசல் வரைக்கும் போயிட்டேன் அண்ணாச்சி."

திருமேனி கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார்.

"நான் மடத்துக்கு வந்த புதுசுல கை நடுங்கிக்கிட்டு, ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாமக் கிடந்தேன்லா? அப்போ கஞ்சி ஊட்டினது யாரு?"

அதைத் திருமேனி மறந்தே போயிருந்தார்.

"உங்க சட்டை பூரா சிந்தினேன். துடைச்சுட்டு மறுபடியும் ஊட்டினீங்க. பாஸ்னும் சொல்லலை, ரிஜெக்டுன்னும் சொல்லலை. 'இன்னொரு வாய்டா'ன்னு மட்டும் சொன்னீங்க. இப்போ அந்த வாசல்ல நிக்கேன், எங்கேயிருந்துன்னு தெரியலை, அந்தக் கஞ்சி மணம் வருது. உள்ளே கால் வைக்க முடியலை. வந்து உக்காந்துட்டேன்."

திருமேனி எழுந்தார். அவன் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். வழியில் மாசிலாமணிதான் பேசினான். "காலைப் பாருங்க, ரத்தம். என் செருப்பைப் போடுங்க. போடுங்கன்னா!" போட்டுக்கொண்டார்.

மடத்தில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. மாசிலாமணியைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. "வந்துட்டியாப்பா, அந்த மண்வெட்டியை யாரும் துடைக்கலை பாரு" என்றார். அவன் துணியைத் தேடிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனான்.

திருமேனி இரண்டு கத்திகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று பூட்டவே இல்லை. மற்றது ஆடியது.

"அம்மா, நாளைக்கு மாசிலாமணி அரிவாளைக் கொண்டு போகட்டும்."

"போகட்டும் ஐயா."

"இது ரெண்டையும் ஓரமாப் போட்டுரட்டுமா?"

"பூஜையில முன்னால வைங்க."

"ஆட்டம் கண்டதையா? ரெண்டும் ரிஜெக்ட் ஆனதும்மா."

ஞானவல்லி அம்மா இரண்டு அலகுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார். பிறகு திருமேனியின் கட்டைவிரல் நகத்தில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

"எத்தனையோ அடிக்கு நின்னுச்சு. முடியாமப் போனப்போகூட, அடிச்ச கையை வெட்டாம விட்டுச்சு. அதைத்தான் முன்னால வைக்கணும் ஐயா."

திருமேனி குனிந்து கத்திகளை முன்வரிசையில் வைத்தார். கும்பிட்ட கையை அவர் வெகு நேரம் எடுக்கவில்லை.

குடியை விட்டுவிட்டு நிற்கிற பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கும். இன்றைக்கு விளக்கு வைக்கும்போது, அவன் பேரையும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.