மாடி எழுப்பிய வீட்டுக்குக் காப்புக் கயிறு

முன்னொரு காலத்தில், காற்றுகூட மெல்ல நடந்துபோகும் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்கள் வேலை செய்வதைவிடக் கனவு காண்பதில் கெட்டிக்காரர்கள். அவர்களை ஆண்ட மன்னரோ கொட்டாவி விட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அங்கே ஒரு வழக்கம். யாராவது வீடு கட்டினால் அரண்மனை ஆள் வந்து அதைச் சுற்றிச் சிவப்புக் காப்புக் கயிறு கட்டுவான். வீட்டுக்காரர் ஆண்டுதோறும் களஞ்சியத்துக்கு நெல் அளப்பார். வீடு தீயில் போனால் அரண்மனையே திரும்பக் கட்டித் தரும். அமைச்சராகிறவரின் மணிக்கட்டிலும் அதே கயிற்றில் ஒரு துண்டை மன்னர் கட்டுவார். அது இருக்கும்வரை அவர் பதவியை யாரும் பறிக்க முடியாது.

அரசவை விகடகவி செங்கோடனின் மனைவி பூங்காவனத்துக்கு ஓர் ஆசை, நிலா வெளிச்சத்தில் கண் அயர வேண்டும் என்று. அவளுக்காகவே செங்கோடன் வீட்டின் மேல் கூரை வேய்ந்த ஒரு மாடி அறை எழுப்பினான். அந்தி மேகம் ஒரு சன்னல் வழியே வந்து மறு சன்னல் வழியே போவதுபோல் இருக்கும். பார்க்கப் பார்க்க மனம் சொக்கிப்போகும்.

மாடிக்கும் சேர்த்துக் கயிறு கட்டச் சொல்லிக் களஞ்சிய அமைச்சர் வல்லபராயரிடம் போனான். அவருக்குச் செங்கோடனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். இவன் பேசினால் மன்னர் சிரிக்கிறார், அவர் பேசினால் மன்னர் தூங்குகிறார்.

“கயிறு கட்டிய வீடு வேறு, இப்போது நிற்கும் வீடு வேறு. உருமாறிய எதற்கும் காப்பு இல்லை. கீழ்வீட்டுக் கயிற்றையும் அவிழ்த்துவிடுவோம்” என்றார் வல்லபராயர்.

இதைச் சபையில் சொன்னபோது மன்னர் அரைத்தூக்கத்தில் தலையை ஆட்டினார். அதுவே ஆணையாகிவிட்டது.

கோடைக்காற்று தொடங்கியிருந்தது. ஊரில் கூரைகள் பற்றும் காலம்.

“மேல ஏறவே பயமா இருக்குங்க. ஒரு பொறி விழுந்தா நாம எங்க போவோம்?” என்றாள் பூங்காவனம். ஊரையே சிரிக்கவைக்கிறவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஆசைப்பட்டுக் கட்டியதே இருந்ததையும் பறித்துவிட்டதே என்று நெஞ்சு கனத்தது.

மறுநாள் சபையில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னவன், வல்லபராயரைக் கண்டதும் திகைத்து நின்றான்.

“மன்னா, அமைச்சர் இருக்கையில் அமர்ந்திருக்கும் இந்தப் பெரியவர் யார்?”

“என்ன உளறுகிறாய்? வல்லபராயர் அல்லவா?”

“தாங்கள் கயிறு கட்டிய வல்லபராயர் மூங்கில்போல் ஒல்லியானவர் மன்னா. இவருக்கு முன்புறம் ஒரு தாழ்வாரம் இறக்கியிருக்கிறது. கழுத்தின் மேல் இன்னொரு கழுத்து எழும்பியிருக்கிறது. எதையும் அரண்மனைக்குச் சொல்லிக் கட்டியதாகத் தெரியவில்லை. உருமாறிய எதற்கும் காப்பு இல்லை என்பது தங்கள் ஆணை.”

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வல்லபராயரின் மணிக்கட்டில் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது.

“ஆணை ஆணைதான். கயிற்றை அறுங்கள்” என்றார் மன்னர்.

வல்லபராயர் பதறி எழுந்தார். “மன்னா, நான் அதே ஆள்தான். கொஞ்சம் கூடியிருக்கிறேன், அவ்வளவுதான். நீளமான கயிறாக மாற்றிக் கட்டினால் போதுமே.”

“என் வீடும் இதையேதான் சொல்கிறது மன்னா” என்றான் செங்கோடன் பணிவாக. “அதற்குத்தான் வாய் இல்லை.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தம் பட்டு ஊஞ்சலைச் செங்கோடனின் மாடி அறைக்கு அனுப்பிவைத்தார். மாலையில் தாமே வந்து, மாடியையும் சேர்த்து நீளக் கயிறு கட்டினார். பூங்காவனம் ஊஞ்சலில் சாய்ந்தவள், நிலா சன்னலுக்கு வருமுன்பே தூங்கிப்போனாள்.

அன்றுமுதல் புது ஆணை. கயிறு கட்டிய எது கூடினாலும் அரண்மனையில் சொல்லிக் கயிற்றை மாற்றிக்கொள்ளலாம். கூடியதற்கேற்ப நெல்லும் கூட்டி அளக்க வேண்டும். செங்கோடன் மாடிக்காக ஒரு மரக்கால் கூட்டி அளந்தான். தம் இடுப்புக்காக வல்லபராயர் அளந்தது ஒரு மூட்டை.