காத்தாயி போட்ட கழுநீர்ச் சண்டை

முன்னொரு காலத்தில் பூவரசங்குறிச்சியை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவர் அரண்மனையிலேயே சௌக்கியமாக இருக்கட்டும். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. இது அந்த ஊர்க் கீழத்தெருவில் ஓர் எருமையை வைத்துப் பிழைத்த காத்தாயியின் கதை. எருமை சாது. காத்தாயி அப்படியில்லை. அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வேறு இடம் பார்க்கும்.

அந்தக் காலத்தில் அரிசி கழுவிய தண்ணீரை யாரும் வீணாகக் கொட்டமாட்டார்கள். மாடு இல்லாத வீட்டுப் பெண்கள் அதை ஒரு சட்டியில் சேர்த்துவைப்பார்கள். காலையில் காத்தாயி பானையோடு வருவாள். கழுநீரை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு செம்பு மோர் ஊற்றிவிட்டுப் போவாள். கழுநீர் எருமைக்கு, மோர் பிள்ளைகளுக்கு. வெகுகாலமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அடுத்த வீட்டுக்காரி பூங்காவனம், நெசவாளி முத்தையனின் மனைவி. அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். முத்தையன் சேலை மூட்டையோடு கடற்கரைப் பட்டணத்துக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. திரும்பி வரவில்லை. யாராவது விசாரித்தால், "பணம் அனுப்பிட்டாரு, குறையொண்ணும் இல்ல" என்பாள் பூங்காவனம். தலையை வாரி, பொட்டு வைத்து, வாசலில் கோலமும் போட்டுவிடுவாள். அந்த முகத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் அவள் வீட்டுக் கழுநீர் மெலிந்தது. பிறகு லேசான கலங்கலாக மட்டும் வந்தது. பிறகு கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிந்தே வந்தது. எருமை தொட்டியை மூக்கால் தள்ளிவிட்டது. பாலும் குறைந்தது.

காத்தாயிக்குக் கோபம் தலைக்கேறியது. 'நல்ல கழுநீரையெல்லாம் மேலத்தெரு ராக்குவின் பசுவுக்குக் கொடுத்துவிட்டு, எனக்குப் பச்சைத் தண்ணீரா?' என்று அவளாகவே முடிவு கட்டினாள்.

"ஏண்டி பூங்காவனம், எம் மாடு என்ன குளத்து மீனா? வெறுந்தண்ணியக் குடிச்சிட்டுப் பால் கறக்குமா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். "இனிமே உனக்கு மோர் கிடையாது, போ."

பூங்காவனம் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காத்தாயி அத்தோடு விட்டாளா? விடுவிடுவென்று மேலத்தெருவுக்குப் போய் ராக்குவையும் ஒரு பிடி பிடித்தாள். ராக்குவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவ வீட்டுப் பக்கம் நான் போயே ஒரு வருஷமாச்சு அக்கா. எம் பசு மேல சத்தியம்" என்றாள்.

அப்படியானால் கழுநீர் எங்கே போகிறது? கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று, மறுநாள் காலையில் காத்தாயி கொல்லைப்புறமாகப் போய் வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

பூங்காவனம் கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பழைய பானை. தறிக்குப் போகும் நூலுக்குத் தடவக் காய்ச்சிய கஞ்சி, அதன் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவள் அகப்பைக் காம்பால் சுரண்டிச் சுரண்டிச் சட்டித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண் கையை நீட்டினாள்.

"அதை எனக்குத் தாம்மா."

"உனக்கு அப்பவே குடுத்தேனேடா கண்ணு. இது எருமைக்கு. இல்லாட்டி காத்தாயிப் பெரியம்மா தெருவுல சத்தம் போடுவாங்க."

காத்தாயிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வீட்டில் அரிசியே இல்லை. அரிசி இல்லாத வீட்டில் கழுநீர் ஏது? தினம் தினம் அந்தச் சட்டியைக் கையில் வாங்கியவள் அவள்தான். பார்த்தது தண்ணீரை, நினைத்தது எருமையை. போதாக்குறைக்கு, பிள்ளைகள் வயிற்றில் விழுந்துகொண்டிருந்த மோரையும் நிறுத்தியிருக்கிறாள். தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

அன்றைக்கே மோர்ச் செம்போடு முன்வாசலுக்குப் போனாள். "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், வாங்கிக்கடி" என்றாள். பூங்காவனம் வாங்கவில்லை. "தெளிஞ்ச தண்ணிக்கு மோர் வாங்கினா நியாயமில்ல அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்தாற்போல, ஒரு முறம் அரிசியை யாரும் பார்க்காதபோது வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். சற்று நேரத்தில் முறம் திரும்பி வந்தது. "யாரோ மறந்து வச்சிட்டாங்க அக்கா. உங்களுதான்னு பாருங்க" என்றாள் பூங்காவனம். முறத்தை இடுப்பில் தாங்கித்தான் பிடித்திருந்தாள். கையில்தான் பலம் இல்லை, ரோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

பரிந்து கொடுத்தால் இவள் வாங்கமாட்டாள், ஒளித்துக் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். பிள்ளைகளோ நாளுக்கு நாள் வாடுகிறார்கள். காத்தாயி யோசித்து யோசித்துப் பார்த்தாள். அப்புறம், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். நடுத்தெருவில் நின்று சண்டையைத் தொடங்கினாள்.

"எல்லாரும் வந்து இந்த நியாயத்தக் கேளுங்க. இத்தனை வருஷமா இவ கையால கழுவின கழுநீரக் குடிச்சுக் குடிச்சு எம் எருமை ருசி கண்டுபோச்சு. வேற வீட்டுத் தண்ணிய மோந்துகூடப் பாக்கமாட்டேங்குது. பால் வத்துனா எம் பொழப்பு என்னாவறது? பழக்கிவிட்டவ இவதானே, இவதான் வழி சொல்லணும்."

பூங்காவனம் திகைத்துப்போய் வாசலுக்கு வந்தாள். "நான் என்ன அக்கா பண்ணட்டும்?"

"தினம் நான் அரிசி கொண்டாறேன். நீ உங் கையால கழுவி எனக்குத் தண்ணியக் குடு."

"கழுவின அரிசி?"

"அதைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன பண்ண? ஈர அரிசியக் காயவச்சா நொய்யா நொறுங்கும். நீயே பொங்கித் தின்னு தொலை. எனக்கு வேண்டியது தண்ணி."

பூங்காவனம் காத்தாயியின் முகத்தையே பார்த்தாள். காத்தாயி முகத்தை இன்னும் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். கொஞ்சம் இளகினாலும் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பூங்காவனம் நிமிர்ந்து நின்றாள். "சரி அக்கா. நல்லாக் கழுவித் தரேன். ஆனா எப்பவும்போல மோர் வந்தாகணும்."

"வரும், வரும். பேரம் பேசறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே காத்தாயி வீட்டுக்குள் போனாள். போன பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பூங்காவனம் வீட்டில் சோறு பொங்கியது. இரண்டு பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மறுநாள் மேலத்தெரு ராக்குவும் அரிசியோடு வந்து நின்றாள். "எம் பசுவும் அந்தக் கழுநீர்தான் வேணும்னு மூஞ்சியத் திருப்புது" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அதன் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் கழுநீரை வாங்கும்போது சட்டிக்குள் உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்த வீட்டில் தண்ணீர் தெளிகிறதோ, அந்த வீட்டுக் கழுநீர்தான் வேண்டுமென்று மாடுகள் அடம்பிடித்தன. அந்த வருஷம் மாடுகளுக்கு வந்த அடம் கொஞ்சநஞ்சமல்ல. காத்தாயியின் எருமை எந்த வீட்டுக் கழுநீரை வைத்தாலும் குடித்தது. அதை எருமையும் வெளியே சொல்லவில்லை, காத்தாயியும் சொல்லவில்லை.

முத்தையன் ஒருநாள் வந்து சேர்ந்தான். பட்டணத்தில் காய்ச்சலில் விழுந்து, பிழைத்ததே பெரும்பாடாகி, இளைத்துப்போய் வந்தான். பூட்டிய வீட்டைத்தான் பார்க்கப்போகிறோம் என்று பயந்துகொண்டே வந்தவனின் காலை, கொழுகொழுவென்று இரண்டு மகள்களும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.

"இத்தனை நாள் யார் குடுத்துச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டான்.

"யாரும் குடுக்கல. நான் வேலை செஞ்சேன், கூலியாச் சோறு கெடைச்சுது" என்றாள் பூங்காவனம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பால் கறந்துகொண்டிருந்த காத்தாயியின் காதில் அது விழுந்தது. ஊரே கூடி மாலை போட்டிருந்தாலும் அவளுக்கு அத்தனை சந்தோஷம் வந்திருக்காது. எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கேட்டியா? ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

கேட்டவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: அண்டை வீட்டார் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திராமல் அவர்கள் கஷ்டத்தைக் கண்டுகொண்டு, அவர்கள் தலை குனியாதபடி செய்வதே உதவி.