நாற்பத்திரண்டு பாட்டுத் தெரிந்த நீர்க்காகம்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் இந்த வாய்க்கு இனி வெற்றிலை சிவக்காமல் போகட்டும். மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இன்றைக்கே உதிரட்டும். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

ஆம்பலேரி என்று ஓர் ஏரி. அதன் கரையில் சின்னதாக ஒரு புத்த விகாரை. அதில் ஒரே ஒரு பிக்கு. அவர் எந்தக் காரியத்தைச் செய்தாலும் முதலில் அதற்கென்று ஈரடியில் ஒரு பாட்டுச் சொல்வார். தண்ணீர் குடிக்க ஒன்று. துடைப்பம் எடுக்க ஒன்று. கலயம் கழுவ ஒன்று. தும்மலுக்குக்கூட ஒன்று வைத்திருந்தார். ஆனால் தும்மல் முந்திக்கொள்ளும். பாட்டைச் சொல்வார், கொஞ்சம் நிற்பார், பிறகுதான் காரியத்தில் கை வைப்பார்.

கேட்டுக் கேட்டு ஏரிப் பிராணிகளுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. படித்துறைக்கு எதிரே தண்ணீருக்குள் ஒரு கல்தூண் நின்றது. தினமும் காலையில் ஒருவர் அதன்மேல் ஏறிப் பாட்டுகளை ஓதுவார். மற்றவர்கள் கூடவே சொல்வார்கள். தூணில் ஏறுகிறவர் யாரானாலும் முதலில் பேச்சுப் பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அது அங்கே சட்டம்.

"திறக்கும் வாயே, சற்றே பொறு!
உள்ளிருந்து பேசப் போவது யார்?"

மூன்று வருஷமாக அந்தத் தூண் மையனுடையது. மையன் ஒரு நீர்க்காகம். பிக்குவின் நாற்பத்திரண்டு பாட்டும் அவனுக்கு மனப்பாடம். தூணில் ஏறி இரண்டு சிறகையும் அகல விரித்துக்கொண்டு நிற்பான். நனைந்த சிறகைக் காயவைப்பதுதான் விஷயம். பார்ப்பவர்களுக்கோ அவன் ஆசீர்வாதம் பண்ணுவது போலத் தோன்றும். தோன்றட்டுமே என்று அவனும் விட்டுவிட்டான்!

ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு. நடுவில் மூச்சுவிட இடம் இருக்காது. அந்த நேரத்தில் மீன் பிடிக்க மாட்டான் என்பதால் மீன்களுக்கு அவன் ஓதுவதில் தனிப் பிரியம். "இன்னும் நாலு பாட்டு ஓதுங்க சாமி!" என்று கெஞ்சும். அவனும் ஓதுவான். "அடுத்தவர்க்கு வழிவிடு" என்று பாட்டு வரும்போதே, பக்கத்தில் ஒதுங்க வந்த கொக்கைச் சிறகால் தள்ளிவிடுவான். அதை அவன் கவனித்ததே இல்லை.

மாசி மாதத்தில் ஏரிக்கு ஒரு நாமக்கோழி வந்து சேர்ந்தாள். பெயர் சுட்டி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு.

"அள்ளும் நீரே, நீ எனக்கு மட்டும் அல்ல.
வேண்டும் அளவே எடுக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டு மூன்று மூச்சு நிற்பாள். பிறகு குடிப்பாள். பாசி தின்னும்போதும் இதே பாட்டுத்தான். வேறு தெரியாதே!

மையன் தூணிலிருந்தபடியே கேட்டுவிட்டுச் சிரித்தான். "நெற்றியில் பட்டை நாமம், வாயில் புத்தர் பாட்டு! எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு பண்ணச் சொல்லுங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். சுட்டியும் சிரித்தாள்.

பங்குனியில் ஏரி வற்றத் தொடங்கியது. பாசி இருந்தது ஒரே ஒரு மூலையில். அது சுட்டி கூடு கட்டியிருந்த மூலை. வாத்துகள் தயங்கித் தயங்கி வந்து நின்றன. சுட்டி பாட்டைச் சொன்னாள், நின்றாள், தின்றாள். பாதி வயிற்றில் விலகிக்கொண்டாள். "எனக்குப் போதும். நீங்க வாங்க!" என்றாள்.

தவ்வன் என்ற தவளை இதைப் பார்த்துவிட்டான். அவன் வாயில் ஒரு சேதி விழுந்தால் அது ஏரி முழுக்கத் தவ்வாமல் ஓயாது. நேராகத் தூணடிக்கு வந்தான்.

"மையண்ணே! அந்தப் பொண்ணு ஒரே ஒரு பாட்டுத்தான் சொல்லுது. ஆனா சொன்னபடியே செய்யுதுண்ணே!"

"அதனாலென்ன?"

"இல்லண்ணே, நாங்க யாரும் அப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை. அதான் சொன்னேன்."

மையனின் வயிற்றில் அப்போது பற்றியது நெருப்பு!

சும்மா நெருப்பு இல்லை. தண்ணீரில் முங்கினால் அணையும் என்று முங்கினான். அணையவில்லை, தண்ணீர்தான் சுட்டது. வெளியே வந்தால் சிறகிலிருந்து ஆவி பறந்தது. சிறகைக் காயவைக்கிற வேலை மிச்சமானது. அந்த வாரம் காரி என்ற கிழட்டு எருமைக்குத் தினமும் வெந்நீர்க் குளியல். கரையோரத்து அல்லிக்கிழங்கெல்லாம் அவிந்து கிடந்தது. காட்டுப்பன்றிகள் வந்து, "உப்புத்தான் இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டே தின்றுவிட்டுப் போயின. நம்பாதவர்கள் பன்றிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

மையன் தனக்குள் புலம்பினான். "பாசி தின்கிறவளுக்கு என்ன, விட்டுக்கொடுக்கலாம்! பாசி என்ன துள்ளி ஓடவா போகிறது? என்னைப்போல் மீனைத் துரத்திப் பிடித்துவிட்டு அப்புறம் விட்டுக்கொடுக்கட்டும், பார்க்கலாம்! நாற்பத்திரண்டு எங்கே, ஒன்று எங்கே!"

ஆனால் காலையில் தூணைச் சுற்றி நிற்கும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வாத்துகள் சுட்டி பக்கம் போயின. கொக்கும் போனது. கடைசியில் மீன்கள் மட்டும் மிஞ்சின.

வைகாசிப் பௌர்ணமி நெருங்கியது. அன்றைக்குக் காலையில்தான் அடுத்த வருஷத்துக்குத் தூணில் யார் நிற்பது என்று ஏரி முடிவு செய்யும். சுட்டி பெயர்தான் எல்லார் வாயிலும் அடிபட்டது. தூண் போய்விட்டால் மையன் யார்? மீன் பிடிக்கிற இன்னொரு கறுப்புப் பறவை. அவ்வளவுதானே!

"அவளும் ஒரு பறவைதான். எங்கேயாவது வழுக்கத்தான் செய்வாள். பிடிக்கிறேன்!" என்று கறுவிக்கொண்டான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் விடிந்ததும் நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டான். சுட்டி வெளியே வந்தாள். பாட்டுச் சொன்னாள். நின்றாள். மையன் எண்ணினான். 'ஒன்று, இரண்டு, மூன்று.' சரியாக இருந்தது. சே!

அடுத்த முறையும் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கடுத்த முறையும். ஒரு மூச்சாவது குறையாதா என்று அவளோடு சேர்ந்து தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். கால் விரலிடுக்கில் அட்டை ஏறியது, அசையவில்லை. மூக்குக்கு நேராகக் கெண்டை போனது, விட்டுவிட்டான். அன்றைக்கு அவன் ஒரு பாட்டும் ஓதவில்லை, ஒரு மீனும் தின்னவில்லை. அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் அது நடந்தது. முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவையின் குஞ்சு ஒன்று வழி தவறிச் சுட்டியின் கூட்டில் ஏறி, முட்டைகளின்மேல் புரண்டது. சுட்டி பறந்து வந்தாள். பாட்டும் இல்லை, மூச்சும் இல்லை. "கொத்!" என்று குஞ்சின் மண்டையில் ஒன்று போட்டாள். குஞ்சு வீறிட்டுக்கொண்டு ஓடியது.

மையன் தன் ஆயுசில் பார்த்த காட்சிகளிலேயே அழகான காட்சி அதுதான்! தண்ணீருக்குள் மூன்று குட்டிக்கரணம் போட்டான்.

மறுநாள் காலை எல்லோரும் படித்துறையில் கூடினார்கள். பிக்கு ஒரு பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்தார். காரி தண்ணீருக்குள் நின்றபடி, "யார் ஏறுறது? சொல்லுங்க!" என்றாள்.

"சுட்டி! சுட்டி!" என்றது கூட்டம்.

"அதற்கு முன்னால் ஒரு சேதி சொல்லணும், காரிக்கா," என்றான் மையன்.

"சொல்லேன் தம்பி. சட்டம் தெரியுமில்ல? தூணில் ஏறு. பாட்டைச் சொல்லு. அப்புறம் பேசு."

தெரியாதா அவனுக்கு! தாவி ஏறினான். சிறகை விரித்தான். சொல்ல வேண்டியது அலகு நுனியில் நின்றது. 'உங்கள் சுட்டி ஒரு பச்சைக் குஞ்சின் மண்டையைப் பிளந்தாள்!' எத்தனை அருமையான வாக்கியம்! நேற்றிலிருந்து அதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

"திறக்கும் வாயே, சற்றே பொறு!
உள்ளிருந்து பேசப் போவது யார்?"

என்றைக்கும் இரண்டாவது அடி முடியுமுன் அடுத்த பேச்சு பாய்ந்துவிடும். இன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், நேற்று முழுக்க எண்ணிய பழக்கம் அவனை விடவில்லை. பாட்டு முடிந்ததும் தானாகவே உள்ளே எண்ணிக்கை ஓடியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அந்த மூன்று மூச்சில், மூன்று வருஷமாகத் தான் சொல்லிக்கொண்டிருந்த பாட்டு முதல்முதலாக அவன் காதில் விழுந்தது. பேசப் போவது யார்? நேற்றெல்லாம் ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பழகிய கண், இப்போது சும்மா இருக்குமா? உள்ளே திரும்பிப் பார்த்தது.

குஞ்சுக்காக வருத்தப்படுகிற ஆள் யாரும் உள்ளே இல்லை. குஞ்சுக்குக் காயம் பலமா என்றுகூட அவன் போய்ப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தது வேறொன்று. அவனைவிடக் கறுப்பு. அவனைவிடப் பசி.

"என்னண்ணே, பாட்டோட நின்னுட்டீங்க?" என்றான் தவ்வன்.

மையன் சிறகை மடக்கினான்.

"பேச வந்தது நானில்லை. என் பொறாமை," என்றான். "இந்தத் தூண் என்னை விட்டுப் போகிறதே என்று வயிறு எரிந்தது. நேற்று முழுக்க நாணலில் ஒளிந்திருந்து இவளிடம் குற்றம் பிடிக்கப் பார்த்தேன்."

"பிடிச்சீங்களா?" தவ்வன் கழுத்தை நீட்டினான்.

ஏரியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை போதும். தூண் தங்கிவிடும். மையன் உள்ளே எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று.

"அதை என் வாயால் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தூணிலிருந்து இறங்கினான்.

"அப்படீன்னா நான்தான் சொல்லணும்," என்று முன்னால் வந்தாள் சுட்டி. "முக்குளிப்பான் குஞ்சைக் கொத்தினது நான்தான்."

"நீயா?" என்று கத்தினாள் தாய் முக்குளிப்பான். "உன்னைப் போய் நல்லவள்னு ஊரெல்லாம் சொன்னேனே! என் பிள்ளை மண்டையில் ஒரு கொத்து இறகே போயிடுச்சு, தெரியுமா?"

"தெரியும் அக்கா. உங்க பிள்ளையை நேத்தே வந்து பார்த்திருக்கணும். வெட்கத்தில் வரவில்லை." சுட்டியின் குரல் தேய்ந்தது. "எனக்குக் குடிக்கிற பாட்டு ஒன்றுதான் தெரியும். ஆத்திரம் வரும்போது சொல்ல என்கிட்ட ஒன்றும் இல்லை." மையன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட நாற்பத்திரண்டு இருக்கே அண்ணே, நீங்க ஓதுற வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடலை. ஆத்திரத்துக்கு ஒன்று இருக்குமா?"

இருந்தது! முப்பத்தொன்றாவது பாட்டு. தினமும் ஊருக்கு ஓதிய பாட்டு. அவன்தான் ஒருநாளும் தொட்டதில்லை.

'கொடுத்தால் இவளிடம் இரண்டாகிவிடுமே!' என்று வயிறு மறுபடி பற்றியது. இவ்வளவு சொன்ன பிறகுமா? ஆமாம், இவ்வளவு சொன்ன பிறகும்தான். பொறாமை என்ன, ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுமா!

மையன் கண்ணை மூடினான். மூன்று எண்ணினான். பிறகு கொடுத்தான்.

"கொதிக்கும் நெஞ்சே, கொஞ்சம் இறங்கு!
முதலில் வேகிறது நீதானே?"

சுட்டி திருப்பிச் சொன்னாள். தாய் முக்குளிப்பானும் முணுமுணுத்துப் பார்த்தாள். அவளுக்கும் அப்போது அது தேவைப்பட்டது. "சரி, சரி. வந்து குஞ்சுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ," என்றாள்.

அந்த வருஷம் தூண் சுட்டிக்குத்தான் போனது. தெரியாத பாட்டு வரும்போதெல்லாம் பக்கத்துச் சேற்றுத்திட்டில் நின்று மையன் அடியெடுத்துக் கொடுத்தான். அவள் ஓதி முடித்ததும் கூட்டம், "ஆகா!" என்று சொல்லும். அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். உடனே தண்ணீருக்குள் முங்கிவிடுவான். நாற்பத்திரண்டில் பொறாமைக்கென்று ஒரு பாட்டும் இல்லை என்று கண்டு, தானே ஒன்று கட்டியிருந்தான். அதை முங்கியிருக்கும்போது மட்டும் ஓதுவான். மேலே குமிழிகள் வரும், அவ்வளவுதான். என்ன பாட்டு என்று கேட்டவர் யாரும் இல்லை. நன்றாக ஓதினான் என்று சொல்லவும் ஆள் இல்லை. ஆனால் மேலே வரும்போது அவன் முகம் தெளிந்திருக்கும்.

ஆகவே, ஊர் கேட்க ஓதும் ஆயிரம் பாட்டைவிட, தன் காதில் விழும்படி ஓதி அதன்படி ஒரு கணம் நிற்கும் ஒரே பாட்டுத்தான் ஒருவனைத் திருத்தும்.

கதை இவ்வளவுதான். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள்! 'எங்கள் பாட்டி சுட்டி குஞ்சைக் கொத்தினாள் என்று எவன் கிளப்பிவிட்டான்?' என்று ஊர் நாமக்கோழிகளெல்லாம் தேடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் முப்பத்தொன்றாவது பாட்டுச் சரியாகப் பாடமாகவில்லையாம்!