ஒரு நிமிஷம் பிடி

எங்கள் மடத்தில் சாமியைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். தாணுமூர்த்தி அய்யா கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சாமிக்கு நாற்பதைத் தாண்டி இருக்கும், அவ்வளவுதான். அதனால் சீடரை "வாங்க அய்யா, போங்க அய்யா" என்றுதான் பேசுவார்.

அய்யா மடத்துக்கு வந்தது ஆடி மாசம். அவருடைய ஒரே மகன் பைக்கிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்த படுக்கை. தூக்க, புரட்ட, கழுவ எல்லாவற்றுக்கும் மனைவி ஆவுடையம்மாள்தான். "மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கிட்டு வந்துருதேன், அதுவரைக்கும் நீ பார்த்துக்கோ" என்று அந்தம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாராம். பொங்கல் போய் மாசியும் பிறந்துவிட்டது. மனசு திடப்பட்ட பாடில்லை. தியானத்துக்கு மட்டும் முதல் ஆளாய் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்குக் காலையில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். மகனைத் தூக்கும்போது ஆவுடையம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். விட்டால் பிள்ளை கீழே விழுந்துவிடுவானே என்று, ஆள் வரும்வரைக்கும் அப்படியே தாங்கிக்கொண்டு நின்றதாம் அந்தம்மா.

போனை வைத்துவிட்டு அய்யா நேராக அடுக்களைக்கு வந்தார். சாமி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். அய்யா தரையில் உட்கார்ந்து அழுதார். பெரிய மனுஷன் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சாமி, அவ படுத பாடு சாமானியப்பட்டது இல்ல. அதுக்கு என்ன வார்த்தை சொல்லட்டும்? கஷ்டம்னு சொன்னா பத்தல."

"இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் சாமி.

அவ்வளவுதான், அவருக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்காரன் இதுக்கெல்லாம் கிரேக்கக் கதையிலருந்துதான் வார்த்தை எடுத்தான் சாமி. யாராலயும் செய்ய முடியாத வேலைன்னா ஹெர்குலியன். ஹெர்குலிஸ்னு ஒரு பலசாலி இருந்தான். பூதாகாரமா இருந்தா டைட்டானிக். டைட்டன்னு ஒரு ராட்சசக் கூட்டம். எவ்வளவு செஞ்சாலும் முடியாத வேலைன்னா சிசிபியன். சிசிபஸ்னு ஒருத்தன் மலைமேல கல்லை உருட்டுவான். உச்சிக்குப் போனதும் அது உருண்டு கீழ வந்துரும். மறுபடி உருட்டணும், காலாகாலத்துக்கும்."

"நின்ன இடத்துல நின்னே சுமக்கதுக்கு?"

அய்யா கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கு அட்லஸ். அவனும் டைட்டன்தான். வானத்தையே தோள்ல தாங்குதவன்."

"அவனை யாரும் மாத்திவிடலையா?"

"ஒரே ஒரு தடவை. ஹெர்குலிஸுக்குத் தங்க ஆப்பிள் வேண்டியிருந்துது. அட்லஸைப் போய்ப் பறிச்சுட்டு வரச் சொல்லிட்டு, வானத்தைத் தன் தோள்ல வாங்கிக்கிட்டான். பழத்தோட வந்த அட்லஸுக்கு மறுபடி சுமக்க மனசில்ல. இனிமே நீயே சுமந்துக்கோன்னுட்டான்."

"அதுவும் நியாயம்தானே" என்றேன் நான்.

அய்யாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அங்கதான் ஹெர்குலிஸ் ஆளு! 'சரிப்பா, நானே சுமக்கேன். தோள் உறுத்துது, துணியைச் சுருட்டி ஒரு சும்மாடு வச்சுக்கிடுதேன். அதுவரைக்கும் ஒரு நிமிஷம் பிடி'ன்னான். அந்தக் கூறுகெட்டவனும் நம்பி வாங்கிக்கிட்டான். இவன் பழத்தைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டிட்டான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வகுப்பில் அந்த இடத்தில் வருஷா வருஷம் சிரித்துப் பழகிய சிரிப்பு.

சாமி சிரிக்கவில்லை. "சும்மாடு வச்சுக்கிட்டு வந்தானா?"

"எங்க வந்தான்? போனவன் போனவன்தான்."

"அட்லஸ்?"

"இன்னும் நிக்கான் சாமி. ஒரு நிமிஷம்னு இவன் சொன்னதை நம்பி..."

அய்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கோபமாயும் வந்தது, பாவமாயும் இருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சாமி கத்தியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். முறுக்கி, வட்டமாய்ச் சுற்றி, நுனியைச் செருகினார். அதை அய்யாவின் கையில் வைத்தார்.

"சும்மாடு ஆயிட்டு, அய்யா."

அய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னும் மனசு திடப்படலையே சாமி. இந்த வயசுல என்னால அவனைச் சுமக்க முடியுமா?"

"உங்களை யாரு முழுசாச் சுமக்கச் சொன்னா?" என்றார் சாமி. "ஒரு நிமிஷம் பிடிங்க. அந்தம்மா கொஞ்சம் உட்காரட்டும்."