கயிறு கேட்டால் தயிர்

முன்னொரு காலத்தில் மகரகேது என்றொரு ராஜா கடலோர நாடு ஒன்றை ஆண்டுவந்தான். அவனுக்கு நினைத்தால் நினைத்ததுதான். வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் தன் பேரைப் பொறிக்கப்போவதாக ஒருநாள் சபையில் அறிவித்தான்.

அங்கே வந்திருந்த யவன வணிகர் தம் வேதத்துக் கதை ஒன்றைச் சொன்னார். "உலகமெல்லாம் ஒரே பாஷை பேசிய காலம், மகாராஜா. பாபேலில் ஜனங்கள் தங்களுக்குப் பேர் வேண்டுமென்று வானம் முட்டக் கோபுரம் எழுப்பினார்கள். கடவுள் இறங்கிவந்து அவர்கள் பாஷையைக் குழப்பிவிட்டார். வேலை பாதியில் நின்றது. ஜனங்கள் திசைக்கொருவராய்ச் சிதறிப்போனார்கள்."

"இங்கே எல்லாரும் தமிழ்தானே பேசுகிறோம், நமக்கென்ன பயம்?" என்றார் அரண்மனைப் பண்டிதர் திருமேனியார். மந்திரி ஆதனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஆதன் பேச்சுக்கு ராஜா சிரித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"பாஷை ஒன்றாக இருந்தாலும் குழம்பும், மகாராஜா. பொறாமை புகுந்தால் போதும்" என்றான் ஆதன்.

"நிரூபிக்கட்டும்! முடியாவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றட்டும்!" என்று துள்ளினார் திருமேனியார். அது தன் விரலுக்குப் பொருந்துமா என்றும் மனசுக்குள் அளந்து பார்த்துக்கொண்டார்.

ராஜா சம்மதித்தான். ஆதன் முற்றத்தில் செங்கல்லைக் குவிக்கச் சொன்னான்.

"சபையோர் எல்லாரும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டுங்கள். நன்றாக உழைத்த ஒருவர் பேரை மட்டும் உச்சியில் பொறிப்போம்."

அவ்வளவுதான். சேனாபதி "கயிறு!" என்றால், "தயிரா? சமையல்கட்டில் கேளும்!" என்றார் புலவர். "இந்தப் பக்கம் சாய்கிறது!" என்று ஒருவர் கத்தினால், மற்றவர்கள் காதில் விழாதது போல நின்றார்கள். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் உருவினார். இடுப்பளவு எழும்பிய சுவர் பொலபொலவென்று சரிந்தது.

திருமேனியார் முகமெல்லாம் சுண்ணாம்பாக ராஜாவிடம் ஓடிவந்தார். "மகாராஜா, இவர்கள் பேசுவது ஒன்றுமே எனக்குப் புரியவில்லை!"

"எந்தப் பாஷையில் பேசினார்கள், பண்டிதரே?" என்று கேட்டான் ஆதன்.

"த... தமிழில்தான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று அவன் சிரிப்பு நின்றது. "உச்சியில் என் பேர் மட்டும் என்று நானும்தானே சொன்னேன், ஆதா?"

"ஆமாம், மகாராஜா."

ராஜா கோபுரம் வேண்டாமென்று சொல்லி, செங்கல்லையெல்லாம் ஆற்றங்கரையில் ஊருக்குப் படித்துறை கட்ட அனுப்பினான். தன் முத்துமாலையை ஆதன் கழுத்தில் போட்டான். திருமேனியாருக்குப் படித்துறையில் எடுபிடி வேலை.

மறுநாள் காலையிலேயே கொத்தனார் கூப்பிட்டார்: "ஐயா, அந்தக் கரண்டியை எடுங்க."

பண்டிதர் பல்லைக் கடித்தார். ஆனால் கரண்டியைத்தான் எடுத்துக் கொடுத்தார்.