இலவசச் சீட்டில் கடலுக்குப் போன மயில்

ஒரு காட்டில், மலைச் சரிவு முடிந்து மூங்கில் தொடங்கும் இடத்தில், மரகதன் என்றொரு மயில் இருந்தது. அதன் தோகையில் நூற்றுப் பன்னிரண்டு இறகுகள். அத்தனை சரியாக எப்படித் தெரியும் என்கிறீர்களா, குழந்தைகளே? தினமும் காலையில் ஊருக்கே கேட்கும்படி அதுவே எண்ணும்.

மரகதனுக்கு ஓர் ஆசை இருந்தது. மேகத்தைக் கண்டால் ஆடும் பிறவி அது. ஆனால் காட்டுக்கு வந்து சேரும் மேகங்களெல்லாம் நெடுந்தூரம் நடந்து களைத்தவை போலவே அதற்குத் தோன்றும். அவை பிறக்கும் இடம் கடல் என்று நாரைகள் சொல்லியிருந்தன. அந்தக் கடலோரத்தில், அப்போதுதான் பிறந்த ஒரு மேகத்தின் முன்னால், ஒரே ஒரு முறை தோகை விரித்து ஆடிவிட வேண்டும்.

"பறந்து போக வேண்டியதுதானே, மயிலண்ணா? இறக்கைதான் இருக்கிறதே!" என்று கேட்டது பக்கத்துப் புதரில் குடியிருந்த காட்டுக்கோழி செவ்வந்தி.

"உனக்கும்தான் இருக்கிறது. அடுத்த மரம்வரை போவோம். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். நாம் பறவைகள் என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வது" என்றது மயில்.

அந்த வருஷம் இரண்டு கூழைக்கடாக்கள் ஆற்றங்கரையில் வான்சவாரி தொடங்கின. கொடியால் பின்னிய கூடை ஒன்று. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் அலகால் தூக்கிக்கொண்டு பறக்கும். கடலுக்குப் போய்வர ஓர் ஆளுக்குப் பதினைந்து படி மூங்கிலரிசி. ஆனால் ஏறத்தான் ஆள் இல்லை. உயரம் என்றால் எல்லோருக்கும் பயம்.

ஆகவே கூழைக்கடாக்கள் ஒரு குலுக்கல் நடத்தின. காட்டிலுள்ளோர் எல்லாம் தங்கள் அடையாளமாக ஏதாவதொன்றைச் சுரைக்குடுக்கையில் போட்டார்கள். மான் ஒரு கொம்புத் துணுக்கைப் போட்டது. முயல் ஒரு கொத்து முடியைப் போட்டது. மயில் தன் கழுத்திலிருந்து ஒரு சின்ன நீல இறகைப் போட்டது. கிழட்டுக் குரங்கு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டது. நீல இறகு வந்தது!

பரிசு, இரண்டு பயணச்சீட்டுகள்.

"ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு" என்று செவ்வந்தியிடம் சொன்னது மயில். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பரிசு எவ்வளவு பெறும், மரகதா?" என்று மைனாக்கள் கேட்டன.

முப்பது படி என்பதுதான் உண்மை. ஆனால் முப்பது என்பது ஒரு மயிலின் வாய்க்குச் சின்ன எண். "அறுபது படி" என்றது. மைனாக்கள் வாயைப் பிளந்தன. அது நன்றாக இருந்தது. முயலிடம் நூறு என்றது. மானிடம் இருநூறு என்றது. சாயங்காலம் ஆலமரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தபோது, தோகையை ஒரு தரம் சிலிர்த்துவிட்டு, "முந்நூறு படிக்குக் குறையாது" என்றது.

மறுநாள் காலை உடும்பு வந்தது. சிங்கராணியின் களஞ்சியத்துக்கு வரி வாங்கும் வேலை அதற்கு. பிடித்தால் விடாது.

"மயிலாரே, வாழ்த்துகள். நூறு படி எடுத்துவையுங்கள்."

"எதற்கு?"

"பரிசு வரி. மூன்றில் ஒரு பங்கு. கோடையில் பட்டினி கிடப்பவர்களுக்குப் போகிற அரிசி."

"ஐயா, பரிசென்றால் இலவசம் அல்லவா?"

"சீட்டு இலவசம்தான். அதற்கு யார் உம்மிடம் காசு கேட்டார்கள்? நான் கேட்பது வரி."

"என்னிடம் ஒரு பிடி அரிசிகூடக் கிடையாதே!"

"தோகை இருக்கிறது. படிக்கு ஓர் இறகு. ராணியின் குகைக்கு விசிறிகள் வேண்டுமாம்."

செவ்வந்தி குறுக்கே பாய்ந்தது. "உடும்பு ஐயா, நியாயமா இது? கூழைக்கடாக்கள் ஆளுக்குப் பதினைந்து படிதான் வாங்குகின்றன. அந்தக் கணக்குக்குப் பத்து இறகுதானே வரும்?"

"எனக்கும் தெரியும், அம்மா. ஆனால் வென்றவர் ஊரறியச் சொன்ன மதிப்புக்குத்தான் வரி. அதுதான் சட்டம். ஆலமரத்தடியில் நாற்பத்தொரு சாட்சிகள். மாற்ற வேண்டுமானால் ஒரு வழி உண்டு. இவர் அதே மரத்தடியில் நின்று, 'நான் சொன்னது பொய், பரிசு முப்பது படிதான்' என்று சொல்லட்டும். பத்து இறகோடு நான் போய்விடுவேன்."

மயில் குனிந்து தன் காலைப் பார்த்தது. அதன் உடம்பில் அதற்குப் பிடிக்காத ஒரே பாகம் அது.

"அங்கே மான்களும் வருமா?" என்று உடும்பைக் கேட்டது.

"வரும்."

"மைனாக்கள்?"

"அவை இல்லாமல் ஒரு கூட்டமா?"

"சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு, அண்ணா" என்று செவ்வந்தி கெஞ்சியது. "கடல் எங்கேயும் ஓடிவிடாது."

"கடல் ஓடாது. இன்னொரு முறை நீல இறகு வருமா?" என்ற மயில் உடும்பின் பக்கம் திரும்பியது. "முந்நூறுதான் ஐயா. பிடுங்கிக்கொள்ளுங்கள்."

"அண்ணா, உனக்கு மூளை இருக்கிறதா?"

"இருந்திருந்தால் அறுபதோடு நிறுத்தியிருக்க மாட்டேனா!"

உடும்பு எண்ணத் தொடங்கியது. "ஒன்று... இரண்டு... மூன்று..." தினமும் காலையில் மயில் எண்ணுகிற அதே எண்கள்தான். வேறொருவர் வாயில் கேட்கும்போது ஒவ்வொன்றும் சுருக்கென்றது. நூறு வந்ததும் உடும்பு நிறுத்தியது. ஓர் இறகுகூட அதிகமாக எடுக்கவில்லை. கட்டாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, "நல்லபடியாகப் போய்வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனது.

மிச்சம் பன்னிரண்டு. மூன்று ஒரு பக்கமும் ஒன்பது ஒரு பக்கமுமாக.

கூடையில் ஏறியபோது மூத்த கூழைக்கடா மயிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "நல்லவேளை! அந்தத் தோகையோடு கூடையில் எப்படி அடங்குவீரோ என்று ராத்திரியெல்லாம் கவலை. இப்போது சௌகரியமாக இருக்கிறீர்."

"ஆமாம், மிகவும் சௌகரியம். காற்று நன்றாகப் படுகிறது, படக்கூடாத இடத்திலெல்லாம்" என்றது மயில்.

செவ்வந்தி சிரிப்பை அடக்க முகத்தை இறக்கைக்குள் வைத்துக்கொண்டது.

கடல் வந்தது. மயில் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல ஒன்றுமே இல்லை. தண்ணீர் முடிகிற இடத்தில், குளித்து எழுந்த யானைக்கன்றைப் போல ஒரு மேகம் மெல்லத் தலையைத் தூக்கியது. கறுப்பு. ஈரம். புத்தம்புதிது.

மயிலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பன்னிரண்டு இறகுகளையும் விரித்தது. பல்லுப்போன சீப்பு மாதிரி இருந்தது அது. அதைத் தூக்கிக்கொண்டு ஈர மணலில் ஆடியது.

கடற்காகங்கள் கூடிவிட்டன. "யாரப்பா நீ?" என்றது ஒன்று.

"மயில்."

"மயிலா? மயிலுக்குப் பெரிய தோகை இருக்கும் என்று கேள்விப்பட்டோமே!"

மயில் சுற்றிலும் பார்த்தது. இங்கே மைனாக்கள் இல்லை, மான்கள் இல்லை. சூறாவளியில் போயிற்று என்று சொல்லலாம். புலியோடு சண்டை போட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அலகைத் திறந்தது. செவ்வந்தி கண்ணை உருட்டியது.

"இருந்தது" என்றது மயில். "இங்கே வர எனக்கு இலவசச் சீட்டு விழுந்தது. அதில் போய்விட்டது."

கடற்காகங்கள் விழித்தன. "அப்படியென்ன சீட்டு அது? எவ்வளவு பெறும்?"

"முப்பது படி" என்றது மயில்.

சொல்லி முடித்ததும் அதற்கே ஆச்சரியமாக இருந்தது. எத்தனை சுலபமான சொல்! நாக்கு வலிக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. மழையின் முதல் துளி மட்டும், முன்பு தோகை மூடியிருந்த வெற்று முதுகில் வந்து விழுந்தது.

"கேட்டாயா செவ்வந்தி? தொண்ணூறு இறகு கொடுத்து நான் சொல்லாமல் காப்பாற்றிய சொல் இதுதான்!" என்று மயில் சிரிக்கத் தொடங்கியது. காட்டுக்கோழியும் அடக்கியிருந்த சிரிப்பையெல்லாம் கொட்டியது. மழை வலுத்தது. மிச்சமிருந்த பன்னிரண்டையும் விரித்து மயில் மறுபடி ஆடியது.

நீதி: இலவசமாக வந்த பரிசைவிட, அதைப் பற்றி அடிக்கும் தம்பட்டத்துக்குத்தான் விலை அதிகம்.