நாற்பத்தோராம் பக்கத்தின் பின்பக்கம்

வேப்பங்குளத்தில் குருவையா, வெயில்முத்து, ஒச்சப்பன் என்று மூன்று சிநேகிதர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் எதையுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

மூவரும் பி.ஏ. வரலாறு. மற்ற தாள்களை எப்படியோ தாண்டிவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி மட்டும் அரியர். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கே அது ஒரு தடவையில் முடிந்திருக்கும்.

இதில் குருவையாவுக்குத்தான் தலை போகிற அவசரம். முத்துப்பேச்சிக்கும் அவனுக்கும் ஆவணியில் கல்யாணம். பெண்ணின் அப்பா பால்ச்சாமி பத்திரிகையே அடித்துவிட்டார். அதில் 'குருவையா, பி.ஏ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பால்ச்சாமி பொய் சொல்லாத மனுசன். "பத்திரிகை பொய்யாப் போச்சுன்னா கல்யாணம் கிடையாது மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று முத்துப்பேச்சி காராச்சேவுத் தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவளில்லாமல் இருக்க முடியாது என்று குருவையாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மூவரும் செண்பகவல்லி மேடத்திடம் போய் நின்றார்கள். மேடம் நல்லவர். வாத்தியார் வேலையில் அது பெரிய தொந்தரவு.

"நோட்ஸ் எடுக்காமப் படிச்சா எப்படிப்பா நிக்கும்? புஸ்தகத்துல மூணு யூனிட்டு, நீங்க மூணு பேரு. ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிடுங்க. ஒரு பக்கத்தைப் படிங்க, மூடி வைங்க, மனசுல என்ன நிக்குதோ அதை எழுதுங்க. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் பாத்து எழுதக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. அன்றைக்கே பிரித்துக்கொண்டார்கள். இருந்தது ஒரே புத்தகம், அதுவும் பழசு. ரெண்டு பக்கமும் பிடித்து இழுத்ததும் சிரமமே இல்லாமல் வந்துவிட்டது.

ஒரு தாளில் மட்டும்தான் சிக்கல். அதன் முன்பக்கம் நாற்பத்தொன்று, முதல் யூனிட்டின் கடைசிப் பக்கம். அது குருவையாவுடையது. பின்பக்கம் நாற்பத்திரண்டு, இரண்டாம் யூனிட்டின் ஆரம்பம். அது வெயில்முத்துவுடையது.

"குறுக்க கிழிச்சிருவமா?" என்றான் ஒச்சப்பன். மூன்றாம் யூனிட்காரன் என்பதால் அவன்தான் நடுவர்.

"கிழிச்சா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிதான் வரும். பாதிப் படிப்பு ஆபத்துடா," என்றான் வெயில்முத்து.

"அப்ப தடிமனைப் பிளப்போம்."

பிளேடு கொண்டுவந்து ஓரத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெயில்முத்துவின் கட்டைவிரல் பிளந்தது. தாள் பிளக்கவில்லை.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. குருவையா தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்பக்கத்தைப் படிப்பான். வெயில்முத்து எதிரே உட்கார்ந்து பின்பக்கத்தைப் படிப்பான். அப்படியே ஒரு வாரம் படித்தார்கள். வெயில்முத்து வேகமாகப் படிக்கிறவன். முடித்ததும் தாள் இறங்கும்வரை காத்துக்கொண்டிருப்பான்.

நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரி, 'பொறுமை இழந்த மக்கள் பாஸ்டில் சிறையை நோக்கிக் கிளம்பினார்கள்' என்று முடிந்திருந்தது. குருவையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"போய்ச் சேந்தாங்களாடா?"

"அது என் யூனிட்டு."

"ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுடா. கூட்டத்துல வயசானவங்களும் இருந்திருப்பாங்க."

"சொன்னா நீ எழுதிருவ. மேடம் கூடாதுன்னுட்டாங்க," என்று வெயில்முத்து எழுந்து போய்விட்டான். நியாயஸ்தன்.

நோட்ஸும் வளர்ந்தது. படித்தார்கள், மூடினார்கள், மனதில் நின்றதை எழுதினார்கள். ஒச்சப்பன் நோட்டில் இப்படி இருந்தது: 'ராஜா தலையை எடுத்துவிட்டார்கள். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லை. இடது கால் மரத்துவிட்டது.' குருவையா நோட்டில் முதல் பக்கம், 'முத்துப்பேச்சி.' இரண்டாம் பக்கம், 'முத்துப்பேச்சி. வரி அதிகம்.' மூன்றாம் பக்கம், 'முத்துப்பேச்சி. ரொட்டி இல்லை.'

இதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போனார்கள். பாஸ்டில் சிறை வீழ்ந்ததை விவரி என்று கேள்வி வந்திருந்தது.

குருவையா எழுதினான்: 'வரி அதிகம். ரொட்டி இல்லை. மக்கள் கிளம்பிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தார்களா என்பது வெயில்முத்துவுக்குத்தான் தெரியும். ஜன்னலோரம் இருக்கிறான், விரலில் கட்டுப் போட்டிருக்கும்.'

வெயில்முத்து எழுதினான்: 'சிறை வாசலில் ஒரே கூட்டம். உடைத்துவிட்டார்கள். இவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்பதை குருவையாவிடம் விசாரிக்கவும்.'

ஒச்சப்பன், 'நான் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது' என்று தொடங்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டாததையும் மறைக்காமல் எழுதிவைத்தான்.

ரிசல்ட் வந்தது. பாஸ் மார்க் நாற்பது. குருவையாவுக்குப் பத்தொன்பது, வெயில்முத்துவுக்குப் பதினாலு, ஒச்சப்பனுக்குப் பதினொன்று. குருவையா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். 'பி.ஏ.' நனைந்துவிடாமல் அதன்மேல் மட்டும் கையை வைத்துக்கொண்டான்.

"எதுக்குடா அழுவுற?" என்றான் ஒச்சப்பன். "படிச்சது சேந்துதான? மார்க்கை மட்டும் ஏன் தனித்தனியாப் பாக்குற?"

சேர்த்துப் பார்த்தார்கள். நாற்பத்திநாலு. பாஸுக்கு மேல் நாலு மார்க் மிச்சம்.

மூன்று மார்க் ஷீட்டையும் பால்ச்சாமி முன்னால் வைத்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கூட்டினார்.

"பாஸுதான். ஆனா டிகிரி மூணு பேருதில்ல? பத்திரிகைல ஒருத்தர் பேருதான இருக்கு. பொய்யாயிருமே."

பொய்யாக விடலாமா? உட்கார்ந்து அறுநூறு பத்திரிகையிலும் குருவையா பெயருக்குப் பக்கத்தில் வெயில்முத்து, ஒச்சப்பன் என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

முகூர்த்தத்தன்று மணமேடையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐயர் தாலியை எடுத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். முத்துப்பேச்சி தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல என்னைப் பொண்ணு பாக்க வந்தது எந்த யூனிட்டு?"

"மொத யூனிட்டும்மா," என்றான் குருவையா. தாலியை வாங்கி அவள் கழுத்தருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். மேளக்காரர் அடிக்கிறார், அடிக்கிறார், கை ஓய்கிறது. தாலி ஏறவில்லை.

"என்ன மாப்பிள்ளை?" என்றார் பால்ச்சாமி.

"தாலி முன்பக்கம் தொங்குது, அது எனக்குப் பாத்தியம். முடிச்சு விழுறது பின்பக்கம்ல, மாமா." குருவையாவின் கண் கலங்கிவிட்டது. "பின்பக்கம் வெயில்முத்துவோடது."

வெயில்முத்து துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

முத்துப்பேச்சி மூவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மணையிலேயே அப்படியே திரும்பி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப முன்பக்கம் எது?"

வெயில்முத்து யோசித்தான். "இதுதான்," என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குருவையா மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டான்.

அந்த நேரம் எடுத்த போட்டோ இன்றும் குருவையா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை சிரிக்கிறான். பெண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சடையும் நாலு முழம் மல்லிகையும் தெரிகிறது. பெண் முகம் எங்கே என்று யாராவது கேட்டால், குருவையா ஸ்டூல் போட்டு ஏறி, போட்டோவைக் கழற்றி, திருப்பிக் காட்டுகிறான்.